கீஸோ: 1688-ஐ நம்பிய மனிதர்

கேள்வி இது: "பிரான்சுவா கீஸோ பெரிய வரலாற்றறிஞர் என்கிறார்கள். வாழ்நாள் முழுக்கப் புரட்சிகளைப் பற்றிப் படித்தவர், எழுதியவர். அப்படிப்பட்டவர் 1848-இல் தன் வாசலுக்கே வந்த புரட்சியை எப்படிக் காணாமல் விட்டார்? படித்த வரலாறு அவருக்கு உதவவில்லையா?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஒரே வரியில் பதிலை முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கீஸோவின் ஏடு கறிக்கு நன்றாகவே உதவியது. அதுதான் அவரைப் பேராசிரியராக்கியது, அமைச்சராக்கியது, பிரான்சின் ஊர்களுக்குப் பள்ளிக்கூடங்களைக் கொடுத்தது. கடைசியில் அவரைக் கவிழ்த்ததும் அதே ஏடுதான். வரலாறு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது என்று அவர் மனதார நம்பினார். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்க்க, அவருடைய ஆறாவது வயதுக்குப் போக வேண்டும்.

கீஸோ 1787 அக்டோபர் 4 அன்று தெற்கு பிரான்சின் நீம் நகரில் ஒரு புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தார். அன்றைய பிரான்சில் புராட்டஸ்டன்ட்களின் திருமணத்தை அரசு திருமணமாகவே ஏற்கவில்லை. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளுக்குச் சட்டத்தின் கண்ணில் முறையான பிறப்பு என்பதே கிடையாது. அவர் பிறந்த அடுத்த மாதம்தான் பதினாறாம் லூயி அந்த நிலையை மாற்றும் ஆணையில் கையெழுத்திட்டார். ஆகவே இந்தக் குடும்பம் புரட்சியைக் கைகூப்பி வரவேற்றதில் வியப்பில்லை. தந்தை ஆந்த்ரே கீஸோ வழக்கறிஞர். 1789 புரட்சியின் கொள்கைகளை ஏற்றவர், ஆனால் 1793-இல் தீவிரப் புரட்சியாளர்களான ஜாக்கோபின்கள் தொடங்கிய பயங்கர ஆட்சியை ஏற்காதவர். அதற்கு விலையாக 1794 ஏப்ரல் 8 அன்று நீமில் கில்லட்டினில் அவர் தலை வெட்டப்பட்டது. மூத்த மகனுக்கு அப்போது ஆறரை வயது.

புரட்சி தந்த உரிமை, புரட்சி பறித்த தந்தை. இந்த இரண்டையும் சேர்த்துச் சுமந்தவர் கீஸோ. 1789-ஐ அவர் ஒருநாளும் பழித்ததில்லை. 1793-ஐ ஒருநாளும் மன்னித்ததில்லை. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை வராமல் தடுப்பது எப்படி என்பதுதான் அவர் எழுதிய எல்லா நூல்களுக்கும் நடத்திய எல்லா ஆட்சிக்கும் அடியில் ஓடும் கேள்வி.

தாய் இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு 1799-இல் ஜெனிவாவுக்குப் போனார். கண்டிப்பான பெண்மணி. ரூசோவின் கல்விக் கருத்துகள் பரவியிருந்த காலம் அது. எந்தப் பிள்ளைக்கும் ஒரு கைத்தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்று மகனைத் தச்சு வேலை பழகவைத்தார். அவன் தன் கையாலேயே ஒரு மேசை செய்யும் அளவுக்குத் தேறினான். கூடவே கிரேக்கம், லத்தீன், ஜெர்மன், ஆங்கிலம், இத்தாலியம். சட்டம் படிக்க 1805-இல் பாரிசுக்கு வந்தபோது, அவன் வயதுப் பிரெஞ்சு இளைஞர்கள் பலருக்கு இல்லாத ஒரு வசதி அவனிடம் இருந்தது: ஜெர்மானியர்களையும் ஆங்கிலேயர்களையும் அவர்கள் மொழியிலேயே படிக்க முடிந்தது.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னாளில் கல்வி அமைச்சராக அவர் செய்தவற்றின் வேர் இதில் இருக்கிறது. போலின் த மெலான் என்ற எழுத்தாளர் பாரிசில் ஒரு பத்திரிகையில் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றிவந்தார். புரட்சியில் சொத்தை இழந்த பிரபுக் குடும்பம் அது. 1807-இல் அவர் நோயில் படுத்தார். கட்டுரை எழுதாவிட்டால் வருமானம் இல்லை. அந்த நேரத்தில் பெயர் போடாத ஒரு கடிதம் வந்தது: நீங்கள் குணமாகும்வரை உங்கள் கட்டுரைகளை நான் எழுதித் தருகிறேன். கட்டுரைகளும் தவறாமல் வந்தன. எழுதியவர் இருபது வயது நிரம்பாத கீஸோ. போலின் அவரைவிட 14 வயது மூத்தவர். 1812-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். பிள்ளைகளை வளர்ப்பது, கற்பிப்பது பற்றி இருவரும் சேர்ந்து ஓர் இதழ் நடத்தினார்கள். ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பனின் பெருநூலைப் பிரெஞ்சில் திருத்தி, குறிப்புகளோடு வெளியிட்டதும் அந்த ஆண்டுகளில்தான்.

அதே 1812-இல், 25 வயதில், பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் நவீன வரலாற்றுப் பேராசிரியரானார். முதல் உரையில் பேரரசர் நெப்போலியனைப் புகழ்ந்து ஓரிரு வரி சேர்ப்பது வழக்கம். சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள், மறுத்துவிட்டார். மறுத்தும் பதவி போகவில்லை. ஆனால் இந்த மனிதரின் கழுத்து வளையாது என்பது அன்றே தெரிந்தது. இந்தக் குணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். 1848-இல் அவரை வீழ்த்தியதில் இந்தக் குணத்துக்கும் பங்குண்டு.

நெப்போலியன் வீழ்ந்து பூர்போன் மன்னர்கள் திரும்பியதும் கீஸோ உள்துறை அமைச்சகத்தில் உயர் பதவிக்கு வந்தார். நெப்போலியன் எல்பாவிலிருந்து தப்பி வந்து நூறு நாள் ஆண்டபோது, இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அடைக்கலம் புகுந்திருந்த பதினெட்டாம் லூயியைப் போய்ப் பார்த்தார். அரசியல் சாசனத்தைக் கைவிட வேண்டாம் என்று மன்னரிடம் சொல்லவே போனதாக அவர் தரப்பு விளக்கம். எதிரிகளுக்கு அந்தப் பயணம் ஒன்றே போதுமானதாக இருந்தது. "கென்ட் ஆள்" என்ற வசை முப்பது ஆண்டுகள் அவரைத் துரத்தியது.

1820-இல் மன்னர் குடும்பத்தின் பெரி கோமகன் கொல்லப்பட்டதும் காற்று வலதுபக்கம் திரும்பியது. ரோயே-கொலார், கீஸோ உள்ளிட்ட மிதவாதக் குழுவினர் பதவிகளிலிருந்து விலக்கப்பட்டார்கள். 1822-இல் அவருடைய சோர்போன் வகுப்பையும் நிறுத்திவிட்டார்கள். அரசியல் குற்றங்களுக்கு மரண தண்டனை கூடாது என்று அந்த ஆண்டுதான் ஒரு சிறுநூல் எழுதினார். தந்தையின் பெயரை முன்னிறுத்தி வாதாடவில்லை. அப்படிப்பட்ட தண்டனை அரசுக்கே பயன்படாது என்று நிதானமாக, காரணங்களை அடுக்கி எழுதினார். அந்த நிதானத்தின் பின்னால் நீம் நகரச் சதுக்கம் இருந்தது.

வேலை போன அந்த ஆண்டுகள்தான் வரலாற்றாசிரியர் கீஸோ உருவான ஆண்டுகள். பிரெஞ்சு வரலாற்றின் மூல ஆவணங்களையும், ஆங்கிலப் புரட்சி பற்றிய நினைவுக்குறிப்புகளையும் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தார். 1826-இல் ஆங்கிலப் புரட்சியின் வரலாற்றை எழுதி வெளியிடத் தொடங்கினார். அன்று அதை வாங்கிப் படித்த பிரெஞ்சுக்காரர் ஒவ்வொருவரும் அதில் தன் நாட்டையே பார்த்தார். இங்கிலாந்தில் சார்லஸ் மன்னரின் தலை போனது, இங்கே பதினாறாம் லூயியின் தலை. அங்கே கிராம்வெல், இங்கே நெப்போலியன். அங்கே மன்னராட்சி திரும்பியது, இங்கேயும் திரும்பியிருக்கிறது. அங்கே அடுத்து வந்த பிடிவாதக்கார ஜேம்ஸ் 1688-இல் ஓட்டப்பட்டு, நாடாளுமன்றத்தின் சம்மதத்தோடு வில்லியம் வந்தார். அதன்பின் புரட்சி என்ற பேச்சே இல்லை. அப்படியானால் இங்கே?

1828-இல் மறுபடி வகுப்பெடுக்க அனுமதி கிடைத்தது. ஐரோப்பிய நாகரிகத்தின் வரலாறு பற்றிய அந்த 14 உரைகள்தான் அவருடைய உச்சம் என்பேன். கூட்டம் அலைமோதியது. உரைகளைச் சுருக்கெழுத்தில் எடுத்து அச்சிட்டார்கள். அடுத்த இரு ஆண்டுகளில் அவர் பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுத்தவர்களில் தொக்வீல் என்ற இளைஞரும் ஒருவர். மன்னர்கள், போர்கள் என்று அடுக்காமல், நாகரிகம் என்பதையே ஒரு நிகழ்வாக எடுத்து ஆராயலாம் என்று கீஸோ காட்டினார். ஆசிய நாகரிகங்களில் ஏதோ ஒரு சக்தி மற்றவற்றை விழுங்கிவிட்டது, ஐரோப்பாவில் திருச்சபை, மன்னர், பிரபு, நகரம் என்ற எதுவும் முழுமையாக வெல்லவில்லை, அந்த ஓயாத மோதலிலிருந்தே சுதந்திரம் பிறந்தது என்பது அவர் வாதம். ஆசியாவைப் பற்றி அவர் சொன்னதை இன்று ஏற்க முடியாது. ஐரோப்பாவைப் பற்றிச் சொன்னதில் இன்னும் உயிர் இருக்கிறது.

ஏழாவது உரையின் தொடக்கத்தைப் படித்தபோது நான் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. 12-ஆம் நூற்றாண்டு நகரவாசி ஒருவர் 1789-இன் பிரான்சுக்குள் வந்து நிற்கிறார் என்று கற்பனை செய்யச் சொல்கிறார் கீஸோ. பிரபுக்களையும் மதகுருமாரையும் கழித்துவிட்டால் மீதமிருக்கும் மூன்றாம் பிரிவினர்தான் தேசம் என்று முழங்கும் சிறுநூலை அவர் கையில் கொடுக்கிறார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "தேசம்" என்ற சொல்லே அவருக்குப் புதிது. தன்னைப் போன்றவர்கள் நாட்டையே ஆள உரிமை கேட்பார்கள் என்பதை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. பிறகு அவர் நகருக்குள் நடக்கிறார். மதில் இல்லை, காவல் படை இல்லை, வரியை எவரோ விதிக்கிறார்கள், எவரோ எடுத்துப் போகிறார்கள். நாட்டையே கேட்கும் இவர்களுக்குச் சொந்த ஊரில் ஓர் அதிகாரமும் இல்லையே என்று திகைக்கிறார். அடுத்து கீஸோ கதையைத் திருப்பிப் போடுகிறார்: 1789-இன் ஆளை 12-ஆம் நூற்றாண்டு நகருக்கு அனுப்புகிறார். அங்கே மதில் இருக்கிறது, ஆயுதம் ஏந்திய குடிமக்கள் இருக்கிறார்கள், தங்கள் நடுவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் மதிலுக்கு வெளியே உள்ள உலகைப் பற்றி வாய் திறக்கவும் துணியாத பணிவு. ஒரு வர்க்கம் எழுநூறு ஆண்டுகளில் நடந்து வந்த தூரத்தை இதைவிடக் கச்சிதமாகச் சொன்னவர் எவரையும் நான் படித்ததில்லை.

அதே உரையில்தான் வர்க்கங்களின் போராட்டத்திலிருந்தே நவீன ஐரோப்பா பிறந்தது என்றும் சொல்கிறார். இந்தக் கருத்தைக் கேட்டதும் நமக்கு மார்க்ஸ் நினைவுக்கு வருவார். வர்க்கப் போராட்டத்தைக் கண்டுபிடித்த பெருமை தனக்கில்லை, தனக்கு முந்திய பூர்ஷுவா வரலாற்றாசிரியர்கள் அதைச் சொல்லிவிட்டார்கள் என்று 1852-இல் ஒரு கடிதத்தில் எழுதிய மார்க்ஸ், அவர்களில் ஒருவராகக் கீஸோவையும் குறிப்பிட்டார். மார்க்ஸை 1845-இல் பாரிசிலிருந்து வெளியேற்றியது கீஸோ இருந்த அரசு. கம்யூனிஸ்ட் அறிக்கையின் தொடக்கத்தில், கம்யூனிசம் என்ற பூதத்தை விரட்டக் கைகோத்தவர்கள் பட்டியலில் போப், ரஷ்யாவின் ஜார், ஆஸ்திரியாவின் மெட்டர்னிக் ஆகியோரோடு கீஸோவின் பெயரும் இருக்கிறது.

இருவருக்கும் வேறுபாடு ஒரே இடத்தில். போராட்டம் இன்னும் முடியவில்லை என்றார் மார்க்ஸ். நடுத்தர வர்க்கம் வென்றதோடு முடிந்துவிட்டது என்றார் கீஸோ.

1830 ஜூலையில் அவர் எதிர்பார்த்த 1688 பாரிசுக்கு வந்தது. மன்னர் பத்தாம் சார்லஸ் பத்திரிகைகளின் வாயைக் கட்டி, அவையைக் கலைத்து ஆணைகள் பிறப்பித்தார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் லிசியே தொகுதியிலிருந்து அவைக்கு வந்திருந்த கீஸோ, பிரதிநிதிகளின் எதிர்ப்பு அறிக்கையை எழுதிக் கொடுத்தார். மூன்று நாள் தெருச்சண்டை. சார்லஸ் வெளியேற, லூயி பிலிப் மன்னரானார். சாசனம் இருக்கிறது, நாடாளுமன்றம் இருக்கிறது, அதை மதிப்பதாகச் சொல்லும் மன்னர் இருக்கிறார். கீஸோவின் கணக்குப்படி பிரெஞ்சுப் புரட்சி அன்றோடு நிறைவுபெற்றது.

புதிய ஆட்சியில் சில மாதம் உள்துறை, பிறகு 1832 முதல் 1837 வரை இடையிடையே விட்டுக் கல்வித்துறை. அவருடைய அரசியல் வாழ்வில் தயக்கமில்லாமல் பாராட்டக்கூடிய பகுதி இது. 1833 ஜூன் 28-இன் சட்டம் ஒவ்வோர் ஊராட்சியும் தனியாகவோ அண்டை ஊரோடு சேர்ந்தோ ஒரு தொடக்கப் பள்ளி நடத்தியாக வேண்டும் என்றது. ஆசிரியருக்கு வீடு, ஆண்டுக்குக் குறைந்தது 200 பிராங்க் நிலையான சம்பளம், ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. சட்டம் போட்டதோடு நிற்காமல், நாட்டின் உண்மை நிலை என்ன என்று பார்க்கச் சுமார் 500 ஆய்வாளர்களை ஊர் ஊராக அனுப்பினார். கொட்டகையில் நடக்கும் பள்ளிகள், கோயில் மணி அடித்துவிட்டு வந்து பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் என்று அவர்கள் கொண்டுவந்த செய்திகள் அதிரவைப்பவை. நாட்டின் ஆசிரியர்கள் எல்லோருக்கும் அமைச்சரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் போனது. பட்டிக்காட்டு வாத்தியாருக்கு ஓர் அமைச்சர் மதிப்போடு கடிதம் எழுதுவது அதுவரை அங்கே நடக்காத காரியம்.

குறையும் பெரிது. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் கடமையை இந்தச் சட்டம் ஊராட்சிகள்மேல் வைக்கவில்லை. எழுத்தாளரான மனைவியோடு கல்வி இதழ் நடத்தியவர் இதை விட்டுவிட்டார் என்பது என்னால் ஏற்க முடியாத ஒன்று. கட்டாயக் கல்வியும், எல்லோருக்கும் இலவசக் கல்வியும் 1880-களில் ஜூல் ஃபெரி கல்வி அமைச்சராக வந்துதான் கிடைத்தன. ஆனால் ஃபெரி கட்டியது கீஸோ போட்ட அடித்தளத்தின்மேல்.

வரலாற்றுத் துறைக்கும் அவர் அமைச்சராகவே நிறையச் செய்தார். பழைய கட்டடங்களைக் காக்க 1830-இல் ஒரு தலைமை ஆய்வாளர் பதவியை உருவாக்கினார். 1834-இல் அதில் அமர்ந்த எழுத்தாளர் மெரிமே பல கோயில்களையும் கோட்டைகளையும் இடிபாட்டிலிருந்து மீட்டார். நாட்டின் ஆவணங்களைத் தேடிப் பதிப்பிக்க அரசுச் செலவில் ஒரு குழுவும் அமைந்தது.

வீட்டில் மட்டும் அடிமேல் அடி. போலின் 1827-இல் இறந்தார். போலினின் சகோதரி மகள் எலிசாவைக் கீஸோ மறுமணம் செய்துகொண்டார். எலிசாவும் 1833-இல், பள்ளிச் சட்டத்தின் ஆண்டில், பிரசவத்துக்குப் பின் இறந்தார். 1837-இல் போலினுக்குப் பிறந்த மகன், வளர்ந்த இளைஞன், போய்விட்டான். சிறு பிள்ளைகளைக் கீஸோவின் தாய்தான் வளர்த்தார். அவையில் எதிரிகள் கண்ட அந்த இறுகிய முகத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

1840-இல் லண்டனுக்குத் தூதராகப் போய், அக்டோபரில் வெளியுறவு அமைச்சராகத் திரும்பினார். பெயருக்குப் பிரதமர் மார்ஷல் சூல்ட். ஆட்சியை நடத்தியவர் கீஸோ. 1847-இல் அந்தப் பெயரும் அவருக்கே வந்தது. இங்கிலாந்தோடு நட்பு, எங்கும் போர் வேண்டாம், ரயில்பாதைகளுக்கு 1842-இல் ஒரு சட்டம், ஆலைகளில் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கத் தடை என்று ஆட்சி ஓடியது. 1844-இல் அவையில் "கென்ட்" கூச்சல் மறுபடி கிளம்பியபோது நெடுநேரம் மேடையை விட்டு இறங்காமல் நின்று, "வசைகளை எவ்வளவு வேண்டுமானாலும் குவியுங்கள், என் அலட்சியத்தின் உயரத்தை அவை ஒருநாளும் தாண்டாது" என்றார்.

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட "பணக்காரர் ஆகுங்கள்" என்ற வாசகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1843 மார்ச் 1 அன்று அவர் சொன்னது: உங்கள் அமைப்புகளை உறுதிப்படுத்துங்கள், அறிவு பெறுங்கள், செல்வம் பெறுங்கள், நம் பிரான்சின் ஒழுக்க நிலையையும் பொருள் நிலையையும் உயர்த்துங்கள். நடுவில் உள்ள இரண்டு சொல்லை மட்டும் பிடுங்கி எடுத்து அவரைப் பேராசைக்காரர்களின் குருவாக்கிவிட்டார்கள். தன் அளவில் அவர் கை சுத்தமானவர். ஆனால் மக்கள் அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது.

ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டுபவருக்கே வாக்கு. ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில் வாக்காளர்கள் சுமார் 2.4 லட்சம். தேர்ந்தெடுக்கப்பட்ட 459 பேரில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் அரசுச் சம்பளம் வாங்கும் அதிகாரிகள். அமைச்சருக்கு எதிராக அவர்கள் எப்படிக் கை தூக்குவார்கள்? 1846-இல் விளைச்சல் பொய்த்தது, ரொட்டி விலை ஏறியது. 1847-இல் முன்னாள் அமைச்சர் ஒருவரே லஞ்ச வழக்கில் தண்டனை பெற்றார். வாக்குரிமைக்கான வரியை 100 பிராங்காகக் குறைக்கலாம் என்று அந்த ஆண்டு ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் தெருக் கலகக்காரர் அல்லர், கீஸோவோடு ஒரு காலத்தில் சேர்ந்து நின்றவர். தீர்மானம் தோற்றது. அனைவருக்கும் வாக்குரிமை வரும் நாள் வரும் என்று எதிரணியில் ஒருவர் சொன்னதற்கு, அப்படி ஒரு நாளே வராது என்று 1847 மார்ச் 26 அன்று கீஸோ பதில் சொன்னார்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்த இடத்தில் இருக்கிறது. ஆட்சி பகுத்தறிவுக்கு உரியது, படிப்பும் சொத்தும் நிதானமும் உள்ளவர்களிடமே அது இருக்கும், மற்றவர்கள் உழைத்து உயர்ந்து அந்த வட்டத்துக்குள் வரலாம் என்பது அவர் கொள்கை. ஊர்தோறும் பள்ளி வைத்ததும் அதற்காகத்தான். ஆனால் பள்ளிக்குப் போய் எழுத்துக் கற்ற தொழிலாளி மகன் 200 பிராங்க் வரி கட்டும் நாளுக்காகக் காத்திருப்பான் என்று எப்படி எதிர்பார்த்தார்? மேலும் 1688-க்குப் பின் இங்கிலாந்து அசையாமல் நிற்கவில்லை. 1832-இல் அங்கே வாக்குரிமையை விரித்தார்கள். விரித்ததால்தான் புரட்சி தவிர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஆங்கில வரலாற்றைப் பிரான்சில் எவரையும்விட நன்றாக அறிந்தவர், அதன் கடைசி அத்தியாயத்தை மட்டும் தன் நாட்டுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. 1846 தேர்தலில் கிடைத்த பெரும்பான்மை அவருக்குப் போதுமான சான்றாகப் பட்டது. எரிமலையின் மேல் தூங்குகிறோம் என்று 1848 ஜனவரி 27 அன்று அவையில் எச்சரித்தவர், சோர்போனில் அவர் பேச்சைக் குறிப்பெடுத்த அதே தொக்வீல்.

பிறகு எல்லாம் மூன்று நாளில் நடந்தது. பொதுக்கூட்டத்துக்குத் தடை இருந்ததால் எதிர்க்கட்சியினர் விருந்து என்ற பெயரில் நாடெங்கும் கூடிப் பேசிவந்தார்கள். பிப்ரவரி 22-இல் பாரிசில் நடக்கவிருந்த விருந்தை அரசு தடுத்தது. கூட்டம் தெருவில் இறங்கியது. 23 அன்று நடுத்தர வர்க்கத்தினரின் தேசியக் காவல்படையே "கீஸோ ஒழிக" என்று கத்தியது. தன் ஆட்சியின் தூண் என்று அவர் எந்த வர்க்கத்தை நினைத்தாரோ அந்த வர்க்கத்தின் குரல் அது. மன்னர் அன்று பிற்பகலே கீஸோவை விலக்கினார். தெருக்களில் விளக்கேற்றிக் கொண்டாடினார்கள். இரவில், வெளியுறவு அமைச்சகம் இருந்த கப்புசின் சாலையில் படைவீரர்கள் சுட்டதில் ஐம்பது பேர் அளவில் செத்து விழுந்தார்கள். பிணங்களை வண்டியில் ஏற்றித் தீப்பந்த வெளிச்சத்தில் நகரைச் சுற்றினார்கள். மறுநாள் மன்னர் முடி துறந்தார்.

சில நாள் ஒளிந்திருந்து கீஸோ மார்ச் 3 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். இரண்டு நாள் கழித்து, ஒருநாளும் வராது என்று அவர் சொன்ன அந்த வாக்குரிமை எல்லா ஆண்களுக்கும் வந்தது. கணவரைக் கில்லட்டினில் இழந்த தாய், பேரப்பிள்ளைகளோடு லண்டனுக்கு வந்து அந்த மாதக் கடைசியில் இறந்தார். ஒன்றை மட்டும் அவர் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்: பாரிசின் புதிய குடியரசு பதவிக்கு வந்த சில நாட்களிலேயே அரசியல் குற்றங்களுக்கான மரண தண்டனையை ஒழித்துவிட்டது. 1822-இல் மகன் கேட்டது அது.

1849-இல் பிரான்சுக்குத் திரும்பி, நார்மண்டியில் லிசியேவுக்குப் பக்கத்தில் முன்பே வாங்கியிருந்த வால்-ரிஷே என்ற பழைய மடத்தில் குடியமர்ந்தார். மறுபடி பேனா. ஆங்கிலப் புரட்சி ஏன் வெற்றி பெற்றது என்று 1850-இல் ஒரு சிறுநூல். அவர் கேள்வி அப்போதும் மாறவில்லை. கிராம்வெல் பற்றிய தொகுதிகளை முடித்தார். எட்டுத் தொகுதிகளில் நினைவுக்குறிப்புகள் வந்தன. தன்னைக் குறை சொல்லிக்கொள்ளும் இடங்களை அவற்றில் தேடினால் அதிகம் கிடைக்காது. ஆவணங்களும் கடிதங்களும் நிறையக் கிடைக்கும்.

கடைசி வேலை பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் எழுதிய பிரான்சின் வரலாறு. 1874 செப்டம்பர் 12 அன்று, 86 வயதில், வால்-ரிஷேயில் அவர் இறந்தபோது அது முடியவில்லை. மகள் ஆன்ரியெத் அவருடைய குறிப்புகளை வைத்து ஐந்தாம் தொகுதியை முடித்தார். அந்தத் தொகுதி 1789-இல் நிற்கிறது. பிறகு, தந்தை சொல்லக் கேட்டவற்றைத் திரட்டி ஆன்ரியெத் மேலும் எழுதினார். அது 1848 வரை போகிறது.